ஏழாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’

மார்ச் 3

அண்ணா,

விசில் அண்ணனின் கால் போனது உன்னால்தான். வலது கால், முழங்காலுக்கு மேலே. நேற்று மதியம் எடுத்துவிட்டார்கள்.

விசில் அண்ணன் யார் என்று மறந்திருந்தால் சொல்கிறேன். டெப்போவுக்குள் பஸ்ஸைத் திருப்பும்போதெல்லாம் விசிலடிப்பாரே, நீ கம்ப்யூட்டர் மாற்ற வந்தபோது, "இந்த ஆளுக்கு ஹாரனே தேவையில்ல" என்று சிரித்தாயே, அவர்.

ஆறு நாளாக உன் எண்ணுக்கு அடிக்கிறேன். முதல் இரண்டு நாள் முழுதாக மணி அடித்தது. இப்போது ஒரே ஒரு முறை அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. என்னை இடைநீக்கம் செய்த அன்றே அலுவலக மின்னஞ்சலையும் முடக்கிவிட்டார்கள். அதனால்தான் பேப்பர், பேனா, பதிவுத் தபால். நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை எனக்குத் திரும்பி வரும். கடிதமே வரவில்லை என்று பிறகு நீ சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கிறது. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் அறுபத்து நான்கு டிரைவர்களுக்கு டூட்டி பட்டியல் போடுவது என் வேலை. ஒரு டூட்டிக்கும் அடுத்த டூட்டிக்கும் நடுவில் பதினோரு மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும். அதற்காக எக்செல்லில் நானே ஒரு மேக்ரோ எழுதியிருந்தேன். ஓய்வு போதாத ஆளைப் போட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். ஒரு சிவப்பு இருந்தாலும் பட்டியல் அச்சாகாது. மேனேஜர் வந்து தலைமேல் நின்று, "ஒரு நாள்தானேம்மா, போடு" என்பார். "நான் போடத்தான் சார் பார்க்கிறேன், மெஷின் விட மாட்டேங்குதே" என்பேன். ஆறு வருஷம் அந்த ஒரு பொய்யில்தான் அந்த டெப்போ தூங்கி எழுந்தது.

ஜனவரியில் நீ வந்தாய். மூன்று டெப்போவிலுமாக எழுபது கம்ப்யூட்டரிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாய். எக்செல் போய் லிப்ரே ஆபீஸ் வந்தது. என் கோப்பும் மாறி வந்தது. மேக்ரோ வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, மறுநாள் அதிகாலை டிரிப் டிரைவர் வயிற்றுப்போக்கு என்று போன் செய்தார். மேனேஜர் என் மேஜைக்கு வந்து, "விசிலப் போடு, அவன் வீடுதான் பக்கம்" என்றார். போட்டேன். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. அச்சடித்துப் பலகையில் ஒட்டினேன். அவருக்கு அன்று இரவு பதினொன்றரை வரை வேறு டிரிப் இருந்தது. அது வேறு தாளில் இருந்தது. நடுவில் நாலரை மணி நேரம்தான். விடிவதற்குள் பஸ் மேம்பாலத் தூணில் போய் மோதியது. ஆட்கள் யாரும் இன்னும் ஏறியிருக்கவில்லை.

விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. அதோடு, சிஸ்டத்தை மாற்றுவதற்கு முன் நீ கொடுத்த கேள்விப் படிவத்தின் நகலையும் வைத்திருக்கிறார்கள். ஏழாவது கேள்வி: உங்கள் கோப்புகளில் தானாக இயங்கும் மேக்ரோ ஏதும் உண்டா? என் பதில்: இல்லை. கீழே என் கையெழுத்து.

அந்த ‘இல்லை’யை யார் போடச் சொன்னார்கள் என்று நீ எழுதித் தர வேண்டும். இந்த வாரத்துக்குள்.

தங்கை

*

மார்ச் 9

வாலு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. விபத்து நடந்த மறுநாளே எங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவு, அந்த டெப்போ ஆட்கள் யாரோடும் பேசக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு போட்டுவிட்டது. என் மின்னஞ்சல், கைப்பேசி எல்லாமே அவர்களுடையது. அதனால் நானும் கையால் எழுதுகிறேன். படித்துவிட்டு இதைக் கிழித்துப் போட்டுவிடு.

விசில் அண்ணனுக்கு நேர்ந்தது எனக்கும் வலிக்கிறது. நீ நம்ப மாட்டாய்.

ஆனால் நீ எழுதியிருப்பதைப் படித்தால், என் இஷ்டத்துக்கு ஒரு பொம்மையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததைப் போல இருக்கிறது. அந்த எழுபது கம்ப்யூட்டரும் பத்து வருஷப் பழசு. அதில் இருந்த விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. புதிய பதிப்பு அந்த இயந்திரங்களில் ஏறாது. எழுபதையும் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிது வாங்கலாம், அல்லது அதே இயந்திரத்தில் லினக்ஸ் போட்டு இன்னும் ஆறு வருஷம் ஓட்டலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். கடிதம் அடிக்கவும், பில் போடவும், பட்டியல் பார்க்கவும் உங்கள் டெப்போவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? லினக்ஸில் கோளாறு இல்லை. லிப்ரே ஆபீஸில் கோளாறு இல்லை. எக்செல்லுக்கென்று எழுதிய மேக்ரோ, கோப்பின் வகையை மாற்றினால் கூடவே வராது. இது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்ததால்தான் அந்தப் படிவத்தையே தயாரித்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது கோப்புகளை ஒரே கட்டளையில் மாற்றுகிறவன், ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க முடியாது. உபயோகிக்கிற ஆள் சொல்ல வேண்டும். நீ ‘இல்லை’ என்று சொன்னாய். பேனா உன் கையில் இருந்தது.

இன்னொன்று. சிவப்பு வரவில்லை என்பது உனக்கு முதல் நாளே தெரியும். ஏழு வாரம் அதைத் தெரிந்துகொண்டே பட்டியல் போட்டிருக்கிறாய். ஒரு காகிதத்தில் குறித்துச் சரிபார்த்திருக்கலாமே? மேனேஜர் சொன்னால் மறுத்திருக்கலாமே?

குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. விசாரணையில் இதைத்தான் கேட்பார்கள். நான் என்ன சொன்னேன், எங்கே சொன்னேன் என்றெல்லாம் அங்கே இழுக்காதே. உனக்கும் நல்லதில்லை. "சரிபார்த்தேன், கண்ணில் படவில்லை" என்று மட்டும் சொல். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பத்திரமாக இருக்கிறது.

‘நான் என்ன சொன்னேன், எங்கே சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறாய். நீயே மறந்துவிட்டுத்தான் இழுக்காதே என்கிறாயா? நான் சொல்கிறேன், கேள். ஜனவரி ஒன்பதாம் தேதி, நம் வீட்டுச் சமையலறையில். நீ தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அம்மா உனக்கு இரண்டாம் முறை சாதம் போட்டாள். நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணா, இந்த ஏழாவதுக்கு ஆமான்னுதானே போடணும்? என் பட்டியல்ல மேக்ரோ இருக்கே."

"ஆமான்னு போட்டா உன் டெப்போ பழைய சிஸ்டத்துலயே நிக்கும். ஒரு டெப்போ நின்னா மத்த ரெண்டு டெப்போவும், ‘எங்களுக்கும் பழசே வேணும்’னு வந்து நிப்பாங்க. மொத்தப் புராஜெக்டும் படுத்துடும்."

"அப்ப என்ன பண்றது?"

"இல்லைன்னு போடு. உன் குட்டி மேக்ரோவ நான் பத்தே நாள்ல இதுல எழுதித் தரேன். உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அம்மா சொன்னாள்: "அண்ணன் சொல்றான்ல, போடுடி. அவனுக்குத் தெரியாததா?"

போட்டேன். பேனா என் கையில்தான் இருந்தது. அது உன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பேனா.

பத்தாவது நாள் கேட்டேன். "அடுத்த வாரம்" என்றாய். அடுத்த வாரம் கேட்டேன். "மூணாவது டெப்போவுல பிரிண்டர் தகராறு, முடிச்சிட்டு வரேன்" என்றாய். பிப்ரவரி முதல் வாரம் கேட்டபோது, "சும்மா நச்சரிக்காதே, எனக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கு" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அது என் தப்பு.

ஏழு வாரமும் காகிதத்தில்தான் சரிபார்த்தேன். அறுபத்து நான்கு பெயர், மூன்று தாள், பென்சில். உன் சிஸ்டம் வந்த பிறகு பட்டியலுக்கு எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. ஒர்க்‌ஷாப் ஆட்கள், "பென்குவின் முட்டை போட்டிருச்சா, இன்னும் அடைகாக்குதா?" என்று லினக்ஸின் பென்குவின் சின்னத்தை வைத்து ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேலி செய்தார்கள். அதே மேனேஜர், "முன்னாடி மெஷின் விடலன்னு சொல்வ, இப்ப மெஷின் விடுதுல்ல?" என்றார். அவருக்கு அது புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. மெஷினைக் காட்டி மறுத்துக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு என்னைக் காட்டி மறுக்க வேண்டியிருந்தது. ஒப்பந்த ஊழியரான நான் எத்தனை நாள் மறுப்பேன்?

அந்தச் செவ்வாய்க்கிழமை பென்சிலை எடுக்கவில்லை. அவர் மேஜைமேல் கையூன்றி நின்றார். கட்டத்தைப் பார்த்தேன். வெள்ளை. ஆறு வருஷமாக வெள்ளை என்றால் சரி என்று பழகின கண். சரி என்று கை அச்சுக்குப் போனது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. இதையெல்லாம் என் பதிலில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பங்குக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டாயிற்று.

மருத்துவமனைக்குப் போயிருந்தேன். விசில் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று வாசலிலேயே அரை மணி நேரம் நின்றேன். அவர் சொன்னார்: "தூக்கம் கண்ணச் சொக்குச்சும்மா. ஆனா பட்டியல நீ போட்டா நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சு வண்டிய எடுத்தேன்." திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? சிஸ்டம் சோதித்துப் பார்க்கப்பட்டது, கிளார்க் பொய்த் தகவல் கொடுத்தாள், டிரைவர் ஓய்வில்லை என்று தெரிந்தும் இஷ்டப்பட்டு வண்டியை எடுத்தார். ஆகவே யாருக்கும் நஷ்டஈடு கிடையாது. சோதித்ததற்கு ஆதாரமாக உன் ஒப்படைப்பு அறிக்கையைக் காட்டுகிறார்கள். ‘மாற்றிய எல்லாக் கோப்புகளும் இயக்கிப் பார்க்கப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். என் கோப்பை நீ ஒரு முறைகூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க முடியாது என்று போன கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய்.

எந்த சிஸ்டம் நல்லது என்பது என் சண்டை இல்லை. லினக்ஸோ விண்டோஸோ, எதைப் போட்டிருந்தாலும் என் நாற்காலியில் வந்து ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும் நீ. மேனேஜர் அறையில் உட்கார்ந்து, புரொஜெக்டரில் படம் காட்டி, டீ குடித்துவிட்டுப் போனாய்.

இருபத்து நான்காம் தேதி விசாரணை. இரண்டு விஷயம் எழுதித் தா. ‘இல்லை’ என்று போடச் சொன்னது நான். அந்தக் கோப்பை நான் சோதிக்கவில்லை. இவ்வளவு போதும்.

தங்கை

*

மார்ச் 19

வாலு,

சொன்னேன். ஆமாம், சொன்னேன்தான். உன்னிடம் இல்லை என்று சாதிக்க மாட்டேன்.

ஆனால் அதை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? என் வேலை போகும், அது ஒரு பக்கம். ஐந்து வருஷம் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்று, "இலவசம் என்றால் மட்டம் இல்லை சார், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை சார்" என்று தொண்டை வற்றிப் பேசியிருக்கிறேன். இப்போதுதான் நான்கு இடத்தில் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த விஷயம் வெளியே வந்தால், நான் படிவத்தில் பொய் எழுத வைத்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஓசி சாஃப்ட்வேர் ஒருத்தன் காலை எடுத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் நான் இதில் இறங்கினேன். வாடகைக் கம்ப்யூட்டரில் மணிக்கணக்குப் பார்த்துப் படித்தவன் நான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் உனக்கு எல்லாம் கற்றுக் கொடுத்ததும் நான்தான். அதை மறந்துவிடாதே.

ஒரு வழி சொல்கிறேன். நீயாகவே ராஜினாமா செய்துவிடு. வேலைநீக்கம் என்று பதிவாகாது. ஆறு மாதம் கழித்து இங்கே எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி அலுவலகத்தில் உன்னைச் சேர்த்துவிடுகிறேன். நல்ல இடம், எட்டு மணி நேர வேலை. விசில் அண்ணனுக்கும் அவசரம் ஆறியதும் ஏதாவது செய்யலாம். நான்கு பேரிடம் சொல்லி உதவி திரட்டலாம்.

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? போனில் பேசியபோது இடது கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். இங்கே நல்ல கண் மருத்துவர் இருக்கிறார். கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம் என்று இருக்கிறேன்.

யோசித்துப் பதில் எழுது. அவசரப்பட்டு எதையும் செய்யாதே.

அண்ணன்

*

மார்ச் 26

அண்ணா,

அம்மாவின் கண்ணுக்கு எந்தத் தேதியில் அக்கறை வர வேண்டும் என்றுகூடக் கணக்கு வைத்திருக்கிறாய்.

இருபத்து நான்காம் தேதி காலை ஒன்பதரைக்கு நான் விசாரணைக்குக் கிளம்பினேன். "பதினொண்ணுக்குக் கூப்பிடுவாங்க, புடவையக் கட்டி ரெடியா இரும்மா, ஆட்டோ அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். "சரிடி" என்றாள். பத்தேகாலுக்கு நீ கார் கொண்டு வந்து கூட்டிப் போனதை எதிர்வீட்டு அக்கா சொன்னார். மூன்று பை எடுத்துப் போனாளாம். கண் பார்க்கப் போகிறவளுக்கு எதற்கு மூன்று பை?

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் நான். என் நாற்காலிக்குக் கை இல்லை, அவர்களுடையதற்கு இருந்தது. விசாரணை அதிகாரி நல்லவர் மாதிரிதான் பேசினார்.

"உங்க அண்ணன்தான் சொன்னார்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"எங்கம்மா பக்கத்துலயே இருந்தாங்க சார்."

"எங்க அவங்க?"

"ஆட்டோ போயிருக்கு சார், வந்துடுவாங்க."

ஆட்டோ டிரைவர் போன் செய்தார். வீடு பூட்டியிருக்கிறது என்றார். எல்லாருக்கும் கேட்டது. அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் மட்டும் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

உன் கடிதத்தைக் காட்டினேன். ‘சொன்னேன், ஆமாம், சொன்னேன்தான்’ என்ற வரியைக் காட்டினேன். உங்கள் நிறுவனத்து வக்கீல் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, "பெயர் இல்லை, முகவரி இல்லை, அண்ணன் என்று போட்டிருக்கிறது. யாருடைய அண்ணன்?" என்றார். நீ பெயர் போடாமல் எழுதியது என்மேல் உள்ள பிரியத்தில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அம்மாவோடு போனில் பேசினேன். வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்.

"அம்மா, அன்னிக்கு அண்ணன் என்ன சொன்னான்?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி. வயசாயிடுச்சுல்ல."

"ரெண்டாவது வாட்டி சோறு போட்டியே?"

"அது ஞாபகம் இருக்கு. நல்லா சாப்பிட்டான்."

அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. என் ஒன்றாம் வகுப்பு டீச்சர் கட்டின புடவையின் நிறம் வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியில் சொன்னாள்: "நீ எப்படியாச்சும் பொழச்சுப்ப. அவன் தாங்க மாட்டான்." அண்ணா, அதை நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

பழைய கம்ப்யூட்டரில் கற்றுக் கொடுத்ததை நினைவுபடுத்தியிருக்கிறாய். மறக்கவில்லை. அதில் கற்றதைத்தான் மேக்ரோவாக எழுதினேன். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று ஊரெல்லாம் பேசினாயே, ஒரு டெப்போ மேனேஜருக்குக் கைகட்டாமல் இருக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு, கட்டிக்கொள் கையை என்று விட்டுப்போனாய்.

ராஜினாமா செய்ய மாட்டேன். இன்னும் பத்து நாளில் முடிவு சொல்வார்கள். அதற்குள் எழுது. பெயர் போட்டு எழுது.

தங்கை

*

ஏப்ரல் 1

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதங்கள் கிடைக்கப் பெற்றன. தாங்கள் குறிப்பிடும் உரையாடல் எதுவும் நடைபெற்றதாக எனக்கு நினைவில்லை. கோப்பு மாற்றப் பணி, தங்கள் துறை அளித்த எழுத்துபூர்வமான தகவலின் அடிப்படையிலேயே மேற்கொள்ளப்பட்டது. இவ்விஷயம் தொடர்பான இனிவரும் கடிதங்களை எங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
திட்ட மேலாளர்

(கீழே, பேனாவில்) அம்மா நலம். கண்ணில் புரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

*

ஏப்ரல் 8

திட்ட மேலாளர் அவர்களே,

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். போன மாதம் வரை வெறும் பொறியாளராக இருந்தீர்கள்.

உங்கள் தட்டச்சுக் கடிதத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷம் கம்ப்யூட்டரில் அடித்துப் பிழைத்தவள் நான், எழுத்தையும் பக்க ஓரத்தையும் பார்த்தாலே எதில் அடித்தது என்று தெரியும். இது விண்டோஸில், வேர்டில் அடித்தது. ஊருக்கெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டு உங்கள் சட்டப் பிரிவு மட்டும் மாறவே இல்லையா? அவர்களிடம் ஏழாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று போடச் சொன்னீர்களா?

போதும். ‘நீங்கள்’ என்று எழுதினால் கை வலிக்கிறது.

அண்ணா, என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆணை நேற்று வந்தது. காரணம், பொய்த் தகவல் அளித்தது. இனி எனக்காக நீ எதுவும் எழுத வேண்டாம். எனக்கு ஆனது ஆகிவிட்டது.

ஆனால் இதைத் தெரிந்துகொள். டெப்போ ஸ்டோர் கீப்பர் வந்து சொன்னார். உன் நிறுவனத்திலிருந்து ஒரு ஆள் வந்தாராம். என் பட்டியலைத் திறந்து, ஓய்வு நேரம் பார்க்கும் மேக்ரோவை லிப்ரே ஆபீஸிலேயே புதிதாக எழுதிப் போட்டாராம். ஒரே மதியம். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, டீ நேரத்துக்குள் முடித்துவிட்டாராம். கட்டம் இப்போது சிவப்பாகிறது. நீ பத்து நாள் கேட்டாய், ஏழு வாரம் எடுத்துக்கொண்டாய். செய்யவில்லை. அது அவ்வளவுதான் வேலை.

மேனேஜர் அந்த ஆளிடம் இன்னொரு பொத்தானும் கேட்டிருக்கிறார். சிவப்பு இருந்தாலும் அச்சாக வேண்டும். அதையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். ‘இருந்தாலும் அச்சிடு’ என்று அதில் எழுதியிருக்கிறதாம். புதிதாக வந்திருக்கும் கிளார்க் பெண் அதைத்தான் தினமும் அழுத்துகிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

விசில் அண்ணனின் நஷ்டஈட்டு மனுவைக் கம்பெனி தள்ளிவிட்டது. இஷ்டப்பட்டு எடுத்தார் என்று சொல்லி. அவருடைய மனைவி தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். முதல் விசாரணை ஏப்ரல் முப்பதாம் தேதி, காலை பத்தரை. அவருடைய வக்கீல் சொல்கிறார்: சிஸ்டத்தைச் சோதிக்காமல் ஒப்படைத்தோம் என்று ஒப்படைத்தவரே சொன்னால், தவறான பட்டியலை நம்பித்தான் ஓட்டினார் என்றாகும், ‘இஷ்டப்பட்டு’ என்ற வார்த்தை நிற்காது. நான் சொன்னால் வேலை போனவளின் ஆத்திரம் என்பார்கள். நீ சொன்னால் மறுக்க ஆளில்லை.

சாட்சிக்கு உன் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

நீ வர வேண்டும்.

தங்கை

*

ஏப்ரல் 17

அண்ணா,

போன கடிதத்தை வாங்கிக்கொண்ட அட்டை வந்துவிட்டது. கையெழுத்து அம்மாவுடையது. நடுங்காமல்தான் போட்டிருக்கிறாள். பதில் இல்லை.

நீதிமன்றத் தபால் உன் அலுவலகத்துக்குப் போய், ‘இந்தப் பெயருடையவர் வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டார்’ என்று திரும்பி வந்திருக்கிறது. எந்தக் கிளை என்று எழுதவில்லை. நாடே மாறிவிட்டாய் என்று எதிர்வீட்டு அக்காவிடம் அம்மா போனில் சொன்னாளாம், பெருமையாக. என்னிடம் சொல்லவில்லை. நீ போன பிறகும் அம்மா உன் வீட்டிலேயே இருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள்தான் வாங்குவாள். அம்மா, நீ பிரித்துப் படித்தால் படித்துக்கொள். ஆனால் அவனுக்கு அனுப்பிவிடு.

எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதலாம். வர முடியாது என்றால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்று வக்கீல் சொல்கிறார். எதில் வேண்டுமானாலும் அடி. எந்த சிஸ்டத்தில் அடித்தாய் என்று நான் பார்க்க மாட்டேன்.

தங்கை

*

ஏப்ரல் 28

அண்ணா,

விசில் அண்ணனின் மனைவி தினமும் சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் என் வீட்டுக்கு வருகிறார். உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே, "தபால் வந்துச்சாம்மா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். "சரிம்மா, நாளைக்கு வரும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

நாளை மறுநாள் பத்தரைக்கு நீதிபதி உன் பெயரைக் கூப்பிடுவார். அதற்குள் ஒன்று எழுது: அந்தக் கோப்பை நீ திறந்து பார்த்தாயா, இல்லையா?